வெட்டுவது மட்டுமா அதன் வேலை?

ஆட்டிறைச்சி விரைவில் வேக வேண்டுமானால் ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்ப்பது நம் வீட்டுச் சமையலறை வழக்கம். பப்பாளிப் பாலில் உள்ள பப்பேன் என்னும் நொதி, இறைச்சிப் புரதத்தை வெட்டி மென்மையாக்குகிறது. இத்தகைய புரதச்சிதைப்பு நொதிகளைக் ‘கத்தரிக்கோல்’ என்று ஆறாம் படிவத்தில் மனனம் செய்தோம். தேர்வில் எழ்தி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், அது பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து.

1937ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் மேக்ஸ் பெர்க்மன், பிரேங்கல்-கொன்ராட் இருவரும் இதே பப்பேனைக் கொண்டு அமினோ அமிலச் சேர்மத்தை அனிலீனுடன் இணைத்துக் காட்டினர். விளைபொருள் நீரில் கரையாமல் படிந்ததால், நொதியால் அதை மீண்டும் வெட்ட இயலவில்லை. வெட்டும் நொதி ஒட்டவும் செய்தது!

இது எப்படி இயலும்? வினையூக்கி ஒரு வினையை இரு திசைகளிலும் விரைவுபடுத்தும். டிரிப்சின் போன்ற நொதி, புரதத்தை வெட்டியதும் ஒரு துண்டின் முனையைச் சிறிது நேரம் தன்னுடன் பற்றிக்கொள்கிறது. அந்நேரத்தில் நீர் மூலக்கூறு வந்தால் துண்டு விடுபடும், அது வெட்டு. நீருக்கு முன் வேறொரு புரதத் துண்டின் அமினோ முனை வந்தால் இரண்டும் பிணையும், அது ஒட்டு. நம் குடலில் நீர் மிகுதி என்பதால் வெட்டு வெல்கிறது. சூழலை மாற்றினால் முடிவும் மாறும்.

1979இல் ஹோமண்ட்பெர்க், லஸ்கோவ்ஸ்கி ஆகியோர், சப்டிலிசின் என்னும் நொதி வெட்டிய ரிபோநியூக்ளியேஸ் புரதத்தை 90 விழுக்காடு கிளிசரால் கலந்த கரைசலில் அதே சப்டிலிசினைக் கொண்டே மீண்டும் இணைத்தனர். அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்சுலினில் கைவைத்தனர். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் 51 அமினோ அமிலங்களில் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அலனின் இருக்கும் கடைசி இடத்தில் நமக்குத் திரியோனின். நீர் குறைந்த கலவையில் டிரிப்சினைக் கொண்டு அந்தத் திரியோனினை இணைத்தனர். 1980களில் இவ்வழியில் உருவான மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. பின்னர் மரபணு மாற்றிய நுண்ணுயிர்கள் அப்பணியை ஏற்றுக்கொண்டன. ஆயினும், இனிப்புநீர் நோய் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிதாகிவிட்ட நம் நாட்டில், இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

இயற்கையோ இக்கலையை முன்பே அறிந்திருந்தது. நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவை அறியாதார் உண்டா? கிளந்தானின் நாசி கெராபுவுக்கு நீல நிறம் தரும் புங்கா தெலாங் அதுவே. குறிஞ்சிப்பாட்டில் கருவிளை என்று இடம்பெற்ற மலரும் அதுவே. அக்கொடியிலிருந்துதான் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டாம் குழுவினர் பியூட்டலேஸ்-1 என்னும் நொதியைப் பிரித்தெடுத்து 2014இல் அறிவித்தனர். பிறப்பால் வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்த அது, செயலால் ஒட்டும் நொதி. வால்பகுதியிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை நீக்கிவிட்டு, புரதத்தின் இரு முனைகளையும் வளையமாக இணைக்கிறது. அதுவும் சாதாரண நீர்க்கரைசலில், மிக விரைவாக!

‘இருதிசை வினை முதலாண்டுப் பாடம்தானே, இதில் என்ன புதுமை?’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சமநிலையை வேதியியல் தாளுக்கும் நொதியை உயிரியல் தாளுக்கும் தனித்தனியே படித்தோம். இரண்டையும் இணைத்துப் பார்த்தோமா? டிரிப்சின் ஏன் ஒட்டுகிறது என்று வீட்டில் தமிழில் விளக்க முயன்றபோதுதான் எனக்கே அது விளங்காதது தெரிந்தது. ஆங்கிலக் கலைச்சொல் என் அறியாமையை அதுவரை மறைத்திருந்தது.

ஆகவே நண்பர்களே, நம் மலரில் கவிதையோடும் கதையோடும் அறிவியலும் இடம்பெற வேண்டும் என்கிறேன். அது மொழிக்கு நாம் செய்யும் தொண்டு மட்டுமன்று; நாம் கற்றது உண்மையிலேயே நமக்குப் புரிந்ததா என்று சோதிக்கும் உரைகல்லும் ஆகும். நம் வேலியில் பூத்த கொடியிடம் சரியான கேள்வியைக் கேட்டவர்கள் புதிய நொதியைக் கண்டார்கள். நாம் பூவை மட்டும் பறித்துக்கொண்டிருக்கலாமா?