வண்டியில் காய்ந்த ஏரி

ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்ற தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்த வண்டியின் பெயர் ரோசினாந்தே. டான் கிஹோட்டேயின் குதிரையுடைய பெயர். மூடிய வாளியில் அழுக்குத் துணியையும் சோப்பு நீரையும் போட்டு, வண்டியின் குலுக்கலிலேயே துவைத்தெடுத்ததை அவர் ரசித்து எழுதியிருக்கிறார் (புத்தகம் 1962இல் வந்தது). நடமாடும் வீடுகளின்மேல் எனக்கிருந்த மயக்கம் அங்கே தொடங்கியது. தெளிந்தது நெவாடாவில், லாஸ் வேகாஸை ஒட்டிய ஓர் ஊரில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மோட்டார்ஹோமைக் கழுவியபோது.

மனைவி இறந்தபின் பத்து மீட்டர் நீள வண்டி தனக்கெதற்கு என்று விற்க முடிவு செய்திருந்தார். மறுநாள் பார்க்க வருபவருக்காக, ஜூன் மாத நண்பகலில் ஏணி போட்டு மூன்று மணி நேரம் தேய்த்தார். ஈரத்தில் பளபளத்தது. காய்ந்தபின் பார்த்தால் பக்கச் சுவர் முழுக்க அம்மைத் தழும்புபோல் வெள்ளை வளையங்கள். வந்தவர், வண்டி சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று விலையைக் குறைத்தார். விலையைவிட அந்தச் சொல்தான் பெரியவரைத் தைத்தது. கடைக்குப் போய் இன்னும் விலையுயர்ந்த சோப்பை வாங்கிவந்தார்.

சோப்பின்மேல் குற்றமில்லை என்பது என் கட்சி. அந்தக் கறை அழுக்கின் மிச்சமல்ல, தண்ணீரின் மிச்சம். அப்பள்ளத்தாக்கின் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் மீட் ஏரி வழியாக வரும் கொலராடோ ஆற்றுநீர். அதன் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 280 மில்லிகிராம். 180ஐத் தாண்டினாலே மிகக் கடினநீர் என்பார்கள். நீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு தங்கிவிடும். வளையமாக ஏன் தங்குகிறது என்பதைக் காபிக் கறையை வைத்து 1997இல் சிகாகோ ஆய்வாளர்கள் விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நிற்கிறது. விளிம்பில்தான் ஆவியாதல் வேகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர், தன்னிடமுள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டு, விளிம்புக்கு ஓடுகிறது.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான்: எந்தத் துளியையும் தானாகக் காயவிடக்கூடாது. சூரியன் ஏறுமுன், உலோகம் குளிர்ந்திருக்கையில், கூரையிலிருந்து தொடங்கவேண்டும். ரப்பர் கூரையின் வெண்தூள் பக்கங்களில் வழியும் என்பதால் அது முதலில். பிறகு சுவரில் ஒரு பகுதியைக் கழுவி, அலசி, துடைத்தபின்பே அடுத்தது. முழு வண்டிக்கும் சோப்புப் போட்டுவிட்டு அலச வருபவர் ஏற்கெனவே தோற்றுவிட்டார். கடைசி அலசலுக்குக் குழாய்முனையைக் கழற்றி, நீரைப் பீய்ச்சாமல் திரையாக வழியவிட்டால் துளிகளே குறைவு. சன்னல் சட்டங்களிலும் வெயில்மறைப்பின் மடிப்பிலும் ஒளிந்திருக்கும் நீர், எல்லாம் முடிந்தபின் நிதானமாகச் சொட்டும். தெருவை ஒருமுறை சுற்றிவந்து மீண்டும் துடைப்பது நல்லது.

நீர் மென்மையாக்கும் கருவியை நம்புபவர்கள் உண்டு. அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைத் தருகிறது. கறை எளிதாகத் துடைபடும், வராமல் போகாது. அயனி நீக்கிய நீர் கறை விடாதுதான். ஆனால் இவ்வளவு கடினநீரில் அதன் பிசின் விரைவில் தீரும். கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சிக்கனம். படிந்துவிட்ட புதுக் கறைக்கு நீர் கலந்த வினிகர் போதும், உடனே அலசினால். வெயிலில் பலமாதம் வெந்த கறை பூச்சையே அரித்திருக்கும். அதற்கு வினிகரால் பயனில்லை.

வாரந்தோறும் கழுவச் சொல்லும் ஆலோசனைகளில் எனக்கு உடன்பாடில்லை. மீட் ஏரியின் பாறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீர் இறங்கிய உயரம் முழுதும் வெள்ளைப் பட்டை. 2022 ஜூலையில் ஏரி, 1930களில் நிரப்பப்பட்டபின் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. பெரியவரின் வண்டியில் இருந்த அதே சுண்ணாம்புதான் அங்கும். தூசியை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாலே பெரும்பாலும் போதும்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்து கழுவினோம். அவர் அலச, நான் பின்னாலேயே துடைத்தேன். இடப்பக்கம் முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது. வலப்பக்கத்தை ஞாயிறுக்கு வைத்தோம்.