கோர்ட் கதவு மூடியபோது பேசிய டைரி: ஸ்நேகலதா ரெட்டி எழுதியது இன்றும் ஏன் முக்கியம்?

இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளைத் தாண்டி ஓடும் நெடுஞ்சாலை போய்ச் சேரும் ஊர் பெங்களூரு. அங்கே இன்று போராட்டங்கள் நடக்கும் ‘ஃப்ரீடம் பார்க்’, ஒரு காலத்தில் மத்திய சிறை. எமர்ஜென்சியில் 8 மாதம் அங்கே அடைக்கப்பட்டவர் நடிகை ஸ்நேகலதா ரெட்டி.

யார் இவர்?

‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘சம்ஸ்காரா’ கன்னடப் படத்தின் நாயகி. சோஷலிஸ்ட்.

என்ன வழக்கு?

பரோடா டைனமைட் வழக்கில் சந்தேகப்பட்டு, 1976 மே 2-ல் கைது செய்தார்கள். குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. ஆனாலும் விடவில்லை, மிசாவில் வைத்தார்கள்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

அங்கேதான் சிக்கல். கைதுக்கு 4 நாள் முன்பு, ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. எமர்ஜென்சி காலத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 4 நீதிபதிகள் சொல்ல, எச்.ஆர்.கன்னா மட்டும் மறுத்தார். அதாவது, ‘ஏன் பிடித்தீர்கள்?’ என்று கேட்கவே வழியில்லை.

டைரியில் என்ன இருக்கிறது?

கைதிகளை அவமானப்படுத்தும் சோதனைகள், தன்னை வாட்டிய ஆஸ்துமா, உடன் இருந்த ஏழைப் பெண்கள் வாங்கிய அடி. அந்த அடியை நிறுத்தப் போராடியதையும் எழுதினார். 1977 ஜனவரி 15-ல் பரோலில் வந்தவர், 20-ம் தேதி இறந்தார். டைரி அதே ஆண்டு புத்தகமானது.

ஒருத்தர் எழுதியதை அப்படியே நம்பலாமா?

நியாயமான கேள்விதான். அதே சிறையில் இருந்த மது தண்டவதேயும், இரவில் ஸ்நேகலதாவின் அலறல் கேட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். ஒரு சாட்சியத்துக்கு இன்னொன்று துணை.

வேறு பெண்கள்?

எகிப்தில் 1981-ல் சிறைப்பட்ட நவால் எல் சாதவி, புருவ பென்சிலால் டாய்லெட் பேப்பரில் எழுதினார். ஈழப்போருக்குப் பின் சிறையில் இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் இறந்தபின் 2016-ல் வந்தது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

எமர்ஜென்சியில் 1,10,806 பேர் காவலில் வைக்கப்பட்டதாக ஷா கமிஷன் கணக்கு சொல்கிறது. ஆனால் பெண்கள் அறைக்குள் ராத்திரி என்ன நடந்தது என்பதை அந்த எண் சொல்லாது. 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒப்புக்கொண்டது. அதற்கு 41 ஆண்டு ஆனது. அதுவரை உண்மையைத் தாங்கி நின்றவை இந்த மாதிரி டைரிகள்தான்.