வேகம் மட்டும் போதாது



ஆன்லைன் கேம் திணறினால் பிள்ளைகள் கூடுதல் வேக பிளான் கேட்கிறார்கள். பெற்றோரும் பணம் கட்டுகிறார்கள். பல வீடுகளில் கோளாறு வேகத்தில் இல்லை. ஃபைபர் நிறுவனம் தரும் மோடமே ரவுட்டராகவும் வேலை செய்கிறது. அதன் பின்னால் சொந்த ரவுட்டரையும் மாட்டினால் ஐபி முகவரி மாற்றம் (நேட்) இருமுறை நடக்கும். பிளேஸ்டேஷனில் ‘நேட் டைப் 3’ என்று காட்டக்கூடும். வாய்ஸ் சாட்டும் தடைபடலாம். மோடத்தின் ரவுட்டர் வேலையை நிறுத்தும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றி, கேம் கருவியை லேன் கேபிளில் இணைப்பதே முதல் வைத்தியம். அதன் பிறகும் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடுகிறது. வாடிக்கையாளர் அதை வீட்டில் மாற்ற முடியாது. இந்த விவரங்களை இணைப்பு கொடுக்கும்போதே நிறுவனங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

– வாசகர், திருநெல்வேலி