அந்த ஆள் யார்?

ஒரு நாவல் வந்து பத்து நாள் ஆவதற்குள் நம் இலக்கிய வட்டாரத்தில் அதைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது என்றால், அநேகமாக அது ஆள் தேடும் பேச்சாகத்தான் இருக்கும். குடித்துவிட்டுக் கூட்டத்தைக் கெடுக்கும் அந்தக் கவிஞர் யார், விருதுக் குழுவுக்குத் தூது விடும் பேராசிரியர் இவர்தானே, அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்கிற ரீதியில். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் நாவலையே படித்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது. படிக்காமலே கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு.

நாவலாசிரியர்கள் நிஜ மனிதர்களிடமிருந்து எடுக்கத்தான் செய்கிறார்கள். வேறு எங்கிருந்து எடுப்பார்கள்? இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று முகப்பில் அச்சிடுவது பதிப்பாளரின் வக்கீலுக்காக. எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) பற்றிப் பேச்செடுத்தால், அதன் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் என்பது மலையாள எழுத்தாளர் சி.ஜே. தாமஸ்தான் என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். சாயல் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சி.ஜே. காலமானது 1960 ஜூலையில். சு.ரா. தன் ஜே.ஜே.யை அதே ஆண்டு ஜனவரி 5ஆம் தேதியே சாகவிடுகிறார். அதாவது ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். தேதியை ஆறு மாதம் முன்னால் நகர்த்தியதில், கேரளத்து எழுத்தாளர் ஒருவரின் சாவு காம்யுவின் சாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் சி.ஜே. விலகிவிடுகிறார், ஜே.ஜே. பிறந்துவிடுகிறார். சாயலைத் தேடுகிறவர்கள் இந்த ஆறு மாதத்தை ஏனோ கவனிப்பதில்லை.

பேரையும் ஊரையும் மாற்றினால் மட்டும் இது நடந்துவிடாது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்தார், ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார், ரமணரைப் பார்த்தார். 1944இல் வந்த ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் ரமணர் ஸ்ரீ கணேசராகிவிட்டார், ஆசிரமம் திருவிதாங்கூருக்குப் போய்விட்டது. கதாநாயகன் லாரிக்கு ஞானம் வர ஒரு குரு வேண்டியிருந்தது. அதற்கு மேல் அந்தச் சாமியாருக்கு நாவலில் வேலையில்லை. ரமணரைத் தெரிந்தவர்களுக்கு ரமணராகவும் தெரியாதவர்களுக்கு வெறும் காவித்துணியாகவும் நிற்கிறார்.

இதெல்லாம் தொழில்நுட்பம். இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று டிக்கன்ஸிடம் இருக்கிறது.

‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ 1849 மே முதல் மாதாமாதம் தனித்தனிப் பகுதியாக வந்துகொண்டிருந்தது. டிசம்பர் பகுதியில் மிஸ் மௌச்சர் என்றொரு குள்ளமான பெண் வருகிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு முடி திருத்துகிறவள். ரஷ்ய இளவரசனின் நகத்துண்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு காட்டுவாள், கண்ணடிப்பாள், ஓயாமல் பேசுவாள். கெட்ட காரியத்துக்குத் துணைபோகிறவளாக அவளை வளர்த்துக்கொண்டு போவது டிக்கன்ஸின் திட்டம். அந்த மாதமே அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவர் வீட்டுக்கு அருகில் வசித்த ஜேன் சீமோர் ஹில். அவரும் குள்ளமானவர். கால் ஆணி எடுத்து, நகம் திருத்திப் பிழைப்பவர். தன் உடம்பால் காலமெல்லாம் பட்டதெல்லாம் போக, இவ்வளவு பெரிய எழுத்தாளர் கையாலும் படவேண்டியதாயிற்றே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். வக்கீலையும் பார்த்துவிட்டார்.

டிக்கன்ஸ் மழுப்பலும் ஒப்புதலும் கலந்து ஒரு பதில் எழுதினார். கொஞ்சம் உங்களிடமிருந்து எடுத்தேன், பெரும்பகுதி வேறொருவர் என்று. ஆனால் சொன்னபடி பாத்திரத்தை மாற்றினார். 1850 மார்ச் பகுதியில் திரும்பி வரும் மௌச்சர் அழுகிறாள், தன் கோமாளித்தனம் பிழைப்புக்கான வேஷம் என்கிறாள். கடைசியில் லிட்டிமர் என்கிற அயோக்கியன் பிடிபடுவதே அவளால்தான். நாவலாகப் பார்த்தால் இது ஒட்டு. தையல் வெளியே தெரிகிறது. இருந்தாலும் டிக்கன்ஸ் செய்தது சரி என்பதே எங்கள் கட்சி. தெருவில் இறங்கி நடந்தால் ஊரே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒரு பெண்ணின் பிழைப்பு, ஓர் அத்தியாயத்தின் அழகைவிடக் கீழானதல்ல.

அவர் அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த நாவலான ‘பிளீக் ஹவுஸில்’ நண்பர் லீ ஹண்ட்டை ஸ்கிம்போல் என்கிற ஒட்டுண்ணியாக்கினார். இதைவிடத் தத்ரூபமாக யாரையும் எழுத்தில் வரைந்ததில்லை என்று அந்தரங்கக் கடிதத்தில் பெருமையடித்துக்கொண்டார். ஹண்ட் செத்த பிறகு, கெட்ட குணங்கள் எதுவும் அவருடையவை அல்ல என்று பத்திரிகையில் எழுதினார்.

எழுத்தாளன் யார் மனமும் புண்படாமல் எழுத வேண்டும் என்கிறோமா? இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. நாவல் நடப்பது விடுதலைக்கு முந்தைய காலத்தில். அதில் வரும் காளி நான்தான், பொன்னா நான்தான் என்று தனியொரு மனிதர் வரவில்லை. ஊரின் பேரிலும் சாதியின் பேரிலும் கூட்டம்தான் வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பெருமாள்முருகன் பக்கம் நின்றது. மிஸஸ் ஹில்லின் கடிதத்தையும் அந்தக் கூட்டத்தின் கூச்சலையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

எங்களுக்கு வரும் சிறுகதைகளில் சக எழுத்தாளரைப் பேர் மாற்றி அடிக்கும் வகை பெருகியிருக்கிறது. அதில் பெரிய கேடில்லை. அடி வாங்கியவர் பதிலுக்கு ஒன்று எழுதிக்கொள்வார். உறுத்துபவை வேறு. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை, ஊரில் விட்டுவந்த சித்தியை, மனநிலை பிறழ்ந்த அண்டைவீட்டுக்காரரை, தெரு, நோய், கடன் பாக்கி உட்பட அப்படியே தாளில் இறக்கிவைக்கும் கதைகள். அவர்கள் சிற்றிதழ் படிக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதப்பட்டவை. மிஸஸ் ஹில் படிக்கத் தெரிந்தவராக இருந்துவிட்டார்.

கதை அனுப்பும் நண்பர்கள், அந்தச் சித்தியின் பேத்தி இந்த இதழை வாங்கிப் படிக்கலாம் என்பதை நினைவில் வைத்து ஒருமுறை திருத்திவிட்டு அனுப்புங்கள். மதிப்புரை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பாத்திரம் யாரென்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம் என்கிற வரி இனி இங்கே அச்சாகாது. எழுதி அனுப்பினால் வெட்டிவிட்டுத்தான் போடுவோம்.