தில்லிக் காற்றை எதைக்கொண்டு அளப்பது?

எஞ்சினுக்குள் புகும் காற்றின் நிறையை அறிய இரு வழிகள் உள்ளன. வடிகட்டியை அடுத்துச் சூடான கம்பியொன்றை வைத்து, காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என அளப்பது ஒரு வழி. உள்ளிழுப்பு மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பநிலை, எஞ்சின் வேகம் ஆகியவற்றை அறிந்து, கனஅளவுத் திறன் அட்டவணையின் துணையோடு வாயுச் சமன்பாட்டால் கணக்கிடுவது மற்றொன்று. முன்னது நேரடி அளவீடு, பின்னது ஊகம். ஆகவே முன்னதே மேலானது என்று சொல்லப்படுவதுண்டு. தில்லியில் இக்கூற்று நிலைக்காது.

சூடான கம்பியின் நேர்மை அதன் தூய்மையைப் பொறுத்தது. நுண்துகளும் எண்ணெய்ப் பசையும் படிந்த கம்பி குறைவாகவே குளிரும், உள்ளே வரும் காற்றும் குறைவாகவே கணிக்கப்படும், கலவை மெலியும். மெலிந்த கலவையில் மூவழி வினையூக்கி நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்காது. எஞ்சின் நின்றதும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அழுக்கை எரிக்கும் ஏற்பாட்டைப் பழைய பாஷ் உணரிகள் கொண்டிருந்தது காரணமின்றி அன்று. இப்பிழை நாள்தோறும் நகர்வது. எந்த அட்டவணையிலும் அடங்காதது.

அழுத்த உணரியின் பிழையோ அட்டவணையில் இருக்கிறது. உழைத்தால் திருத்தலாம். சனவரி விடியலின் 5 டிகிரிக் காற்று, மே நண்பகலின் 45 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு அடர்ந்தது. அதனை வெப்பநிலை உணரி ஈடுசெய்துவிடும்.

ஆனால் தில்லிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1998 சூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின் சிஎன்ஜி பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் கார்களிலும் பரவியிருக்கிறது. அழுத்த உணரிக்குக் காற்றும் எரிவாயுவும் ஒன்றே. சரியான கலவையின் கனஅளவில் மீத்தேன் 9.5 விழுக்காடு, பெட்ரோல் ஆவி 2 விழுக்காட்டளவே. எனவே அதே அழுத்தத்தில் சிலிண்டருக்குள் செல்லும் காற்று குறைகிறது. பெட்ரோல் அட்டவணை அதை அறியாது. காற்றை மிகையாக மதிப்பிடும். வாயு கலப்பதற்கு முன்னரே அளப்பதால், இந்த ஓரிடத்தில் கம்பி உணரிக்கே வெற்றி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிற்பாடு பொருத்தப்படும் சிஎன்ஜி அமைப்புகள் பெட்ரோல் இன்ஜெக்டரின் திறப்பு நேரத்தை ஒரு பெருக்கெண்ணால் வாயுவுக்கு மாற்றுகின்றன. அந்தப் பெருக்கெண் பெரும்பாலும் பட்டறையில், வண்டி நின்ற நிலையில், ஐடிலில் கணிக்கப்படுவது. எஞ்சியதை ஆக்சிஜன் உணரி பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. முழுத் திராட்டிலில் அதன் சொல் பெரும்பாலும் எடுபடாது. அப்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடும் எரியாத மீத்தேனும் ஐடில் சோதனையில் தென்படுவதில்லை.

ஆகவே உணரியை மாற்றுவதைவிட அட்டவணையை மாற்றுவதே முதற்பணி. டைனமோமீட்டரில், வாயுவில் ஓடும்போதே, அகல்வீச்சு ஆக்சிஜன் உணரியுடன், சுமைதோறும் அதைப் புதிதாக வரைய வேண்டும். அதற்கு முன் ஆய்வு மாணவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரே வண்டியைப் பெட்ரோலிலும் வாயுவிலும் ஓட்டி, கணினியில் பதிவாகும் நீண்டகால எரிபொருள் திருத்த அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது.