பழைய மோட்டாரின் பிரயாணப் பெட்டி

பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் இரு வகையினர். வண்டியில் ஒரு பட்டறையையே ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு வகை. பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் உடைத்துவிட்டு வெறுங்கையோடு புறப்படுகிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர் வீட்டிலிருந்தே பளுவைச் சுமக்கிறார்; பின்னவர் நடுவழியில் கவலையைச் சுமக்கிறார். இரண்டு சுமையும் இன்றிப் பிரயாணம் செய்ய வழி உண்டா? உண்டு. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதற்கு ஒரு விதி தெரிந்திருந்தால் போதும்.

அந்த விதியை எங்கள் மூக்கண்டப்பள்ளியே கற்பிக்கிறது. ஓசூரை ஒட்டிய இவ்வூர் சிப்காட் தொழிற்பேட்டையின் நடுவே இருப்பது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். முதலிய பெரிய ஆலைகளும், அவற்றை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைகளும் இப்பிரதேசத்தில் ஏராளம். ஆயினும், ஒரு பழைய அம்பாஸடர் இங்கே நின்றுபோனால் அதற்கு வேண்டிய உறுப்பு அடுத்த கடையிலே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1957-இல் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் பல வருஷங்களுக்கு முன்பே விடைபெற்றது. கடைக்காரர் எத்தனை காலம் சரக்கைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

ஆனால் ஒன்று: தேய்ந்த புஷ்ஷையோ உடைந்த போல்ட்டையோ கொண்டுபோய்க் கொடுத்தால், இவ்வூர் லேத் பட்டறைக்காரர் அதைப் போலவே மற்றொன்றைக் கடைந்து தந்துவிடுவார். இரும்பும் பித்தளையும் அவர் கைக்கு வசப்பட்டவை. ரப்பரையும் மின்சார உறுப்பையும் அவரால் கடைய முடியாது. ஆகவே, வழியில் எவராலும் செய்து தர இயலாததைப் பெட்டியில் வையுங்கள். செய்து தரக்கூடிய இரும்பை விட்டுவிடுங்கள். இதுவே விதி.

முதலில் மின்சார உறுப்புகள். பழைய பெட்ரோல் இஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ‘பாயிண்ட்’ என்று ஒரு சிறு உறுப்பு உண்டு. அது திறந்து மூடும்போதுதான் பிளக்கில் பொறி பறக்கிறது. அதன் அருகே கண்டன்சர், மேலே ரோட்டார். மூன்றும் சேர்ந்து ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் இவற்றுள் ஒன்று கெட்டாலும் ஒரு டன் எடையுள்ள வண்டி அசையாது. அதிலும் கண்டன்சர் கெட்டதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே பரீட்சை. பாயிண்டின் இடைவெளி பழைய அம்பாஸடரில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. இதை அளக்கப் பீலர் கேஜ் அவசியம். அது இல்லாத ஆபத்துச் சமயத்தில் ஒரு கனமான விஸிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தப் பருமனுக்கு உதவும். இவற்றோடு இரண்டு பிளக்குகள், சில பியூஸ்கள், பல்புகள், இரண்டு கஜம் ஒயர். பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஈயத் தாளைச் சுற்றி வைப்பது சாமர்த்தியம் அன்று. வண்டிக்குத் தீ வைக்கும் உபாயம்.

இரண்டாவது, ரப்பர் சாமான்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சில நூறு மீட்டர் உயரம் ஏறுகிறது. புதிய வண்டியில் வருபவருக்கு அது தெரியவே தெரியாது. பழைய வண்டிக்காரருக்கோ உஷ்ணமானியின் முள் அதைச் சொல்லிவிடும். விசிறியையும், தண்ணீர்ப் பம்பையும், டைனமோவையும் சுழற்றுவது ஒரே ஒரு பெல்ட். அது அறுந்தால் மூன்றும் ஒருங்கே நின்றுவிடும். சீமையில் அக்காலத்தில் மாதரின் நைலான் காலுறையைக் கட்டிச் சமாளித்தார்களாம். நம் வீடுகளில் அவ்வசதி இல்லையாதலால் பெல்ட்டையே எடுத்துச் செல்வது உத்தமம். ரேடியேட்டர் குழாய்கள் இரண்டும், அவற்றை இறுக்கும் கிளிப்புகளும், ஐந்து லிட்டர் தண்ணீரும் உடன் இருக்கட்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்காதீர்கள். அரைமணி நேரம் பொறுத்திருங்கள்.

பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும், பெட்ரோல் குழாயையும் இப்போது தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பொதுவாக விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எதனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. அக்காலத்து ரப்பர் இதற்கென்று செய்யப்பட்டதன்று. நாளடைவில் உப்பி, வெடித்து, கசியத் தொடங்கும். எதனாலைத் தாங்கும் புதுக் குழாயை வீட்டிலேயே மாட்டிவிட்டு, மீதித் துண்டைப் பெட்டியில் வையுங்கள். சூடான இஞ்சின்மீது பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தீயணைக்கும் கருவியைப் பின்னே சாமான்களுக்கு அடியில் புதைக்காமல், ஓட்டுகிறவர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது இதனால்தான்.

மூன்றாவது, ஸ்பானர். இன்றைய மெக்கானிக்கிடம் இருப்பவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள். பியட்டுக்கு அவை பொருந்தும். அம்பாஸடரோ அங்குலக் கணக்கில் பிறந்தது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13-ஆம் எண் ஸ்பானரைப் போட்டுத் திருகினால், நட்டின் மூலைகள் மழுங்கி, பின்னர் எந்த ஸ்பானருக்கும் அது அடங்காது. ஆதலால் 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பானர்களை நாமே கொண்டுபோக வேண்டும். திருப்புளி, குறடு, உப்புத்தாள், கட்டுக்கம்பி, ஜாக்கி, காற்றடைத்த ஸ்டெப்னி ஆகியவற்றை எல்லாரும் அறிவர்.

பலரும் மறப்பது எச்சரிக்கை முக்கோணத்தையும் டார்ச் விளக்கையும். வண்டி நிற்பதனால் உயிர் போவதில்லை. நின்ற வண்டியை இருட்டில் லாரிக்காரர் காணாததனால்தான் போகிறது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால், முதலில் வீட்டாரையும் குழந்தைகளையும் இறக்கிச் சாலைக்கு அப்பால் நிறுத்துங்கள்; முக்கோணத்தை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னே வையுங்கள்; அதன் பிறகு இஞ்சின் மூடியைத் திறக்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. புதிதாக வாங்கிய உறுப்பை உறை பிரிக்காமல் பெட்டியில் போட்டு நிம்மதி அடையாதீர்கள். அது போலிச் சரக்காக இருந்தால் நடுவழியிலேதான் தெரியவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் அதை உங்கள் கையாலேயே மாட்டி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றிப் பெட்டியில் வையுங்கள். உறுப்பும் பரீட்சையில் தேறியிருக்கும்; மாட்டுகிற கையும் தேறியிருக்கும்.