புது பிக்கப் 100-ல் நடுங்குதா? ‘இது அப்படித்தான் சார்’ என்பது பதில் அல்ல

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. டெலிவரி எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத டபுள் கேப் பிக்கப். 80 கி.மீ. வேகம் வரை எந்தக் குறையும் இல்லை. 95-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நடுக்கம். சீட்டிலும் லேசாகத் தெரிகிறது. கப் ஹோல்டரில் வைத்த பாட்டில் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை. ரேடியோவை நிறுத்திவிட்டு, ‘நமக்குத்தான் அப்படித் தோணுதோ’ என்று யோசிக்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரே கேட்டுவிடுகிறார்: “என்னங்க, வண்டி ஆடுது?”

சர்வீஸ் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். “சார், இது பிக்கப். கார் மாதிரி ஸ்மூத்தா இருக்காது.” அல்லது, “ரோடு சரியில்ல சார்.” இரண்டும் எடுபடாவிட்டால், “அலைன்மென்ட் பண்ணிட்டோம், ஓட்டிப் பாருங்க.” ஓட்டிப் பார்த்தால் அதே நடுக்கம். இரண்டாவது விசிட், மூன்றாவது விசிட். ஒவ்வொன்றுக்கும் ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு.

பல லட்சம் கொடுத்து, ஐந்து ஏழு வருடம் இஎம்ஐ கட்டப்போகும் வண்டி இது. பிக்கப்பின் சவாரி கொஞ்சம் கடினமாக இருக்கும் என்பது உண்மை. சரக்கு ஏற்றுவதற்காகப் பின்னால் பட்டை ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். காலியாகப் போகும்போது பள்ளம் மேட்டில் தூக்கிப் போடும். ஆனால், சமமான சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் நடுக்கம் வேறு. அது பிக்கப்பின் குணம் அல்ல. சுற்றுகிற ஏதோ ஒரு பாகம் சரியாகச் சுற்றவில்லை என்பதற்கான அறிகுறி.

ஏன் அந்த வேகத்தில் மட்டும்?

ஒரு கணக்குப் போட்டால் புரியும். 265/60 ஆர்18 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 775 மி.மீ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இந்த டயர் நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. விளிம்பில் வெறும் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் போதும். அந்த வேகத்தில் அது சுமார் மூன்றரை கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகிவிடும். அதனால்தான் ஊருக்குள் 50-ல் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து துள்ளுவதற்கு ஓர் இயல்பான அதிர்வெண் இருக்கிறது. பொதுவாக அது நொடிக்கு 10 முதல் 15 தடவை. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சுற்றும் எண்ணிக்கையும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரமாகப் போவது போல, சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரிகிறது. வேகம் இன்னும் கூடும்போது நடுக்கம் குறைவதும் இதனால்தான். குறைந்ததால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

எங்கே நடுங்குகிறது, எப்போது நடுங்குகிறது?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே வண்டிக்காரர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில:

• ஸ்டீயரிங்கில் அதிகம் தெரிந்தால் சந்தேகம் முன் சக்கரங்கள் மேல். சீட்டிலும் தரையிலும் அதிகம் தெரிந்தால் பின் சக்கரங்கள் அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்.

• பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அது தனிப் பிரச்சினை.

• அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறும். சக்கரத்தின் சுற்று மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் இன்ஜின் காரணம் இல்லை.

• ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கூடி, காலை எடுத்ததும் குறைந்தால் ஷாஃப்ட், அதன் ஜாயின்ட் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

• இரண்டு மூன்று வேறு சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். கான்கிரீட் சாலையின் இணைப்புகளும் ஒரே தாளத்தில் தட்டும். தார்ச் சாலையிலும் அதே வேகத்தில் அதே நடுக்கம் என்றால் ரோட்டின் மேல் பழி போட முடியாது.

ஒரு எச்சரிக்கை. நடுக்கம் திடீரென்று வந்தாலோ, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போனாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். மெதுவாக ஓரம் கட்டி, வீல் நட் தளர்ந்திருக்கிறதா, டயரில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் அந்தச் சக்கரத்தோடு வண்டி நகரக் கூடாது.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

கடை போர்டில் ‘அலைன்மென்ட் - பேலன்சிங்’ என்று சேர்த்தே எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. நெடுஞ்சாலை நடுக்கத்துக்கு முதல் சந்தேக நபர் பேலன்சிங்தான். “அலைன்மென்ட் பண்ணிட்டோம்” என்பது கேட்ட கேள்விக்கான பதிலே இல்லை.

புது வண்டியில் எப்படி என்று கேட்கலாம். ரிம்மில் ஒட்டிய ஈய வெயிட் ஒன்று விழுந்திருக்கலாம். ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கலாம். வண்டி விற்பனைக்கு முன்பு யார்டில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் டயரின் அடிப்பகுதி லேசாகத் தட்டையாகியிருக்கலாம். இந்தத் தட்டை சில சமயம் அரை மணி நேரம் ஓட்டி டயர் சூடானதும் சரியாகிவிடும். நீண்ட நாள் நின்றிருந்தால் சரியாகாமலும் போகும். காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். வண்டியை அனுப்பும்போது கூடுதலாக அடித்த காற்றை டெலிவரிக்கு முன் குறைக்க மறந்துவிடுவது உண்டு. சரியான அளவு டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

மெஷின் ‘ஜீரோ’ காட்டிய பிறகும் நடுங்கினால்?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேலன்சிங் மெஷின் சக்கரத்தைக் காற்றில் சுற்றவிட்டு எடையை மட்டும் அளக்கிறது. சாலையிலோ அதே சக்கரம் அரை டன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு உருள்கிறது. டயரின் ஒரு பகுதி மற்ற பகுதியைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருந்தால், எடை சரியாக இருந்தாலும் அந்தப் பகுதி தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் வண்டியை மேலே தள்ளும். சாதாரண மெஷினுக்கு இது தெரியவே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ‘ரோடு ஃபோர்ஸ்’ பேலன்சர் என்ற மெஷின் இருக்கிறது. ஓர் உருளையை டயர் மேல் அழுத்தி, பாரத்தோடு சுற்றும்போது விசை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும். டயரின் மேடான இடத்தை ரிம்மின் தாழ்வான இடத்தோடு பொருத்தி மறுபடி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். அதற்கும் அடங்காத டயரை மாற்றத்தான் வேண்டும். எல்லா ஊரிலும் இந்த மெஷின் கிடையாது. பெரிய நகரங்களின் டயர் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

மெஷின் இல்லாத ஊரில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போனால் குறை சக்கரத்தில்தான். இதைவிட உறுதியானது, ஷோரூமின் டெமோ வண்டியில் இருக்கும் நான்கு சக்கரங்களையும் ஒரு மணி நேரம் கழற்றி மாட்டிப் பார்ப்பது. நடுக்கம் போய்விட்டால் விவாதம் முடிந்தது. போகாவிட்டால் டயரை விட்டுவிட்டு அடுத்த பாகத்துக்குப் போகலாம்.

சக்கரத்தை மாட்டும் விதமும் முக்கியம். ஹப் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் சக்கரம் நடுவில் உட்காராது. நட்டுகளை ஒரே பக்கமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும்.

பிக்கப்புக்கே உரிய சந்தேகம்

முன்சக்கர இயக்கம் உள்ள காரில் இல்லாத ஒன்று பிக்கப்பில் உண்டு: கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை நீளும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆக்ஸிலின் பல் விகிதம் 4-க்கு அருகில் இருந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றும். அதாவது 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 45 தடவை. இதில் குறை இருந்தால் ஸ்டீயரிங் ஆடுவதைவிட, காலடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரமாகத் தெரியும். ஷாஃப்ட்டின் பேலன்ஸ், கிராஸ் ஜாயின்ட், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், ஷாஃப்ட் நிற்கும் கோணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாங்கிய கையோடு லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தியவர்கள் கவனிக்க: அதனால் மாறுவது இந்தக் கோணம்தான். வாரண்டி கேள்விக்குள்ளாவதும் அங்கேதான்.

கையில் இருக்கும் போனே சாட்சி

“எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்” என்று டெஸ்ட் டிரைவ் முடித்து வந்தவர் சொன்னால் என்ன செய்வது? ஸ்மார்ட்போனில் அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைபாக்ஸ்’ போன்ற இலவச ஆப், அந்த நடுக்கம் நொடிக்கு எத்தனை தடவை என்று வரைபடமாகவே காட்டும். 100-ல் போகும்போது உச்சம் 11, 12-ல் நின்றால் டயர், ரிம், ஹப். 45 பக்கம் நின்றால் ஷாஃப்ட். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து மாறினால் இன்ஜின் அல்லது அதன் மவுண்ட். போனை சீட் ரெயில் மீது உறுதியாக வைத்து, பக்கத்தில் இருப்பவர்தான் அளக்க வேண்டும். ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது.

ஜாப் கார்டுதான் ஆயுதம்

வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு விசிட்டிலும் ஜாப் கார்டில் புகாரை முழுதாக எழுதச் சொல்லுங்கள்: எந்த வேகம், எந்த கியர், எங்கே நடுங்குகிறது என்பது வரை. ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பேலன்சிங் அளவுகளின் பிரிண்ட் அவுட் கேளுங்கள். ‘இது நார்மல்’ என்று சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதே மாடல் வேறொரு வண்டியில் உங்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். பெரும்பாலான வண்டிகளில் டயருக்கு வாரண்டி தருவது டயர் கம்பெனிதான். வண்டி கம்பெனி அல்ல. வாரண்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் படித்துவிடுவது நல்லது.

சட்டம் எதுவரை துணை நிற்கும்?

அமெரிக்காவில் ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் புது வண்டிகளுக்காக முதலில் கொண்டுவந்தது. குறிப்பிட்ட தடவை பழுதுபார்த்தும் சரியாகவில்லை என்றால் வண்டியை மாற்று, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-தான் வழி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால், சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியிருந்தால் பொருந்தும். இரண்டு, குறை இருப்பதை வாங்கியவர்தான் காட்ட வேண்டும். சோதனை தேவைப்பட்டால் ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எடுத்த எடுப்பில் புது வண்டி கிடைத்துவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. பாகத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய குறை என்றால் முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே, எத்தனை தடவை பழுதுபார்த்தால் போதும் என்ற எல்லை நம் ஊரில் எழுதப்படவே இல்லை. அந்த இடைவெளியில்தான் ‘இது அப்படித்தான் சார்’ என்ற வார்த்தை பிழைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று முயற்சிக்குள் தீராவிட்டால் கம்பெனியின் இன்ஜினியர் வந்து அளந்து, அந்த அளவை எழுத்தில் தர வேண்டும் என்ற விதியாவது வர வேண்டும். நடுக்கம் என்பது அபிப்பிராயம் அல்ல, அளக்கக்கூடிய விஷயம். அளக்காமல் ‘நார்மல்’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

அதுவரை, அடுத்த சர்வீஸ் விசிட்டுக்குக் கோபத்தைவிட ஜாப் கார்டுகளும், போனில் சேமித்த அந்த ஒரு வரைபடமும் அதிகம் உதவும்.